நிற்கும் வண்டியின் பாட்டரி

மயிலாப்பூர், தியாகராய நகர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் சொல்வது இது: கார் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். முதலில் போவது பாட்டரி. உழவு முடிந்து ஷெட்டில் நிற்கிறதே உங்கள் டிராக்டர், அதற்கும் இதே கதிதான்.

வாங்குமுன் வண்டியைப் பாருங்கள். பழைய பீட்டில் காருக்கு 6 வோல்ட். 1948-ல் வெளிவந்த மோரிஸ் மைனருக்கு 12 வோல்ட். ஆனால் அதில் பாசிட்டிவ் கம்பிதான் எர்த். டிராக்டர் பழக்கத்தில் மாற்றி மாட்டினால் டைனமோ கெட்டுவிடும், ஜாக்கிரதை!

கழற்றும்போது எர்த் கம்பியை முதலில் எடுங்க, மாட்டும்போது கடைசியில்.

சென்னை வெயிலுக்குப் பாட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். பிளேட் முழுகும்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கும். வற்றியதற்கு ஆசிடும் ஊற்றக்கூடாது, வற்றுவது தண்ணீர்தானே! சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் பீடி பற்றவைக்காதீங்க, வாயு வெடிக்கும்.

"தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே" என்பீர்கள். ஸ்டார்ட்டர் தின்றதை டைனமோ அதற்குள் திருப்பித் தராது. மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். நிறைந்த 12 வோல்ட் பாட்டரி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி கழித்தும் மீட்டரில் 12.6 காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கவிட்டால் பிளேட்டில் சல்பேட் படியத் தொடங்கும்.