உளநூல் மாணவரும் கணிப்பொறியும்

(மைசூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனக்கு முன் பேசிய புலவர் பெருமகனார் சங்கப் பாடல்களின் நயத்தை எடுத்துரைத்தபோது இவ்வவை மெய்ம்மறந்திருந்ததைக் கண்டேன். அவ்விருந்தை உண்டு மகிழ்ந்த உங்களிடம் கணிப்பொறி வாங்கும் வகை பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். பாயசத்திற்குப் பின் கஷாயம் பரிமாறுவது போன்ற செயல் இது. ஆயினும், அவர் பணித்ததற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று உண்டு.

ஈராண்டுகளுக்கு முன், ஆனித் திங்களில் ஒரு மாலை, நம் உறுப்பினர் ஒருவர் தம் மனைவியாரோடும் மகளோடும் என் இல்லத்திற்கு வந்தார். மகள் உளநூலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். (நான் படித்த நாளில் அதனை மனோதத்துவம் என்றார்கள், இன்று உளவியல் என்கிறார்கள். எனக்குப் பழகிய சொல் உளநூல்; பொறுத்தருள்க.) அவளுக்குக் கணிப்பொறி வாங்கக் கடைக்குச் சென்றிருக்கிறார்கள். "உளநூல் என்றால் மூளை ஆராய்ச்சி, அதற்கு ஆற்றல் மிக்க பொறிதான் வேண்டும்" என்று கூறிக் கடைக்காரர், விளையாட்டுப் பிரியர்களுக்கென அமைந்த, ஒன்றரை இலட்ச ரூபாய் விலையுள்ள மடிக்கணிப்பொறி ஒன்றைக் காட்டியிருக்கிறார். அம்மையார் தம் வளையல்களை அடகு வைப்பதற்காக எடுத்து வைத்துவிட்டார். "ஐயா, தங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைக்கலாம் என்று வந்தோம்" என்றார் நண்பர்.

நான் அப்பெண்ணை நோக்கி, "அம்மா, அப்பொறியைக் கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று வினவினேன். அவள் விடை கூறாமல் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவ்வினாவை அவளிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை. கடைக்காரர் கேட்கவில்லை, உண்மையைச் சொன்னால், ஆசிரியர்களாகிய நாங்களும் கேட்பதில்லை.

உளநூலுக்கும் கருவிக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. ஜெர்மனியில் லைப்சிக் நகரில் 1879-ஆம் ஆண்டு வில்லெம் வூண்ட் என்பார் உளநூற்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தபோதே, விநாடியை ஆயிரம் கூறாக்கி அளக்கும் கடிகாரம் அங்கே இடம்பெற்றது. ஓர் ஒலியைக் கேட்டவன் கையை அசைக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை அதனால் அளந்தார்கள். நம் நாட்டில் 1916-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்திலும், அடுத்து 1924-இல் நம் மைசூர்ப் பல்கலைக் கழகத்திலும் உளநூல் துறைகள் தோன்றின. இங்கே அத்துறையைத் தொடங்கியவர் லண்டனில் ஸ்பியர்மன் என்ற அறிஞரிடம் பயின்று வந்த பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி. அவரை இந்நகரத்தார் வேறொரு காரணத்தாலும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1935-ஆம் ஆண்டு தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தை அமைத்து, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டி நடத்தியவர் அவரே. பின்னர் அனைத்திந்திய வானொலிக்கே அப்பெயர் நிலைத்தது. உளநூல் பேராசிரியர் ஒருவர் வானொலிக் கருவிகளோடு இரவு பகல் போராடுவானேன் என்று அந்நாளில் சிலராவது எண்ணியிருக்கக்கூடும். மக்களின் உள்ளத்தை ஆராய்பவருக்கு, மக்களின் செவிகளைச் சென்றடையும் கருவியில் நாட்டம் பிறந்ததில் எனக்கு வியப்பில்லை.

கணிப்பொறியின் வரலாற்றிலும் உளநூலார் அயலார் அல்லர். இன்று உலகெங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவுக்கு முன்னோடியாகிய 'பெர்செப்ட்ரான்' என்பதை 1958-இல் வெளியிட்ட ஃபிராங்க் ரோசன்பிளாட் ஓர் உளநூலார். மனிதனும் கணிப்பொறியும் இணைந்து வேலை செய்யும் காலம் வரும் என்று 1960-இல் எழுதிய லிக்லைடரும் உளநூலாரே. 2024-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹிண்டன், கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றது சோதனை உளநூலில். ஆகவே உளநூல் மாணவி கணிப்பொறியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அது அவள் வீட்டுப் பிள்ளையும்தான்.

இனி, அன்று அக்குடும்பத்தாரிடம் நான் கூறியவற்றைச் சொல்கிறேன். பட்டப்படிப்பில் உளநூல் மாணவர் செய்யும் வேலைகள் நான்கைந்தே. கட்டுரை படித்தல், எழுதுதல், வினாத்தாள் தயாரித்தல், கிடைத்த எண்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்தல், எளிய சோதனைகளைத் திரையில் நிகழ்த்துதல் ஆகியவையே அவை. இவற்றுள் எதற்கும் விளையாட்டுப் பொறியிலுள்ள தனிப் படச் செயலி தேவையில்லை. எட்டு ஜி.பி. நினைவகம் இருந்தால் ஒருவாறு நடக்கும். பதினாறு இருந்தால் ஐந்தாண்டுக் கவலை இல்லை. சுழலும் தட்டில் சேமிக்கும் பழைய முறை வேண்டா; எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மச் சேமிப்பகமே வேண்டும். தூக்கிச் சுமக்கத்தக்க எடையும், நெடுநேரம் தட்டினாலும் விரல் நோகாத விசைப்பலகையும், ஊருக்குள்ளேயே பழுது பார்க்கும் வசதியும் வேண்டும். மூளையைப் படம் பிடித்து ஆராயும் மேற்படிப்புக்குப் போகும்போது பெரிய பொறிகள் தேவைப்படும். அவற்றை ஆய்வு நிலையங்களே வைத்திருக்கும், மாணவர் வீட்டில் வாங்கி வைப்பதில்லை.

பிறர் பயன்படுத்திய பொறியை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'விண்டோஸ் 10' என்னும் இயக்க அமைப்புக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பழைய பொறிகள் பல அதற்கடுத்த பதிப்பை ஏற்கா. அத்தகைய பொறி மலிவாகக் கிடைத்தால், இலவசமாகக் கிடைக்கும் 'உபுண்டு' போன்ற லினக்ஸ் அமைப்பை நிறுவிக்கொள்ளலாம். அது முடியாதென்றால் வாங்காதிருத்தலே நன்று.

மென்பொருள்களிலும் மலைக்க வேண்டுவதில்லை. 1968 முதல் சமூக அறிவியல் துறைகளில் பெயர் பெற்றிருக்கும் 'எஸ்.பி.எஸ்.எஸ்.' விலை மிகுந்தது. கல்லூரியில் இருந்தால் அங்கே பழகிக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகத்தார் உருவாக்கிய 'ஜாஸ்ப்' அவ்வேலைகளுள் பெரும்பாலானவற்றைக் காசின்றிச் செய்யும். நியூசிலாந்தில் இருவர் தொடங்கிய 'ஆர்' என்னும் கணிப்பு மொழியும் இலவசமே. கற்கக் கடினம், ஆயினும் அதில் செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் நிற்கும். இது சிறிய நன்மையன்று. வெளிவந்திருந்த 100 உளநூல் ஆய்வுகளை அறிஞர் பலர் கூடி மீண்டும் செய்து பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு புள்ளியியல் முறைப்படி தேறியிருந்தன. மறு ஆய்வில் தேறியவை 36 விழுக்காடே. அன்று முதல், "எப்படிக் கணக்கிட்டாய், காட்டு" என்று கேட்பது எங்கள் துறையில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை.

சோதனை நிகழ்த்துதலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பலர் தவறுவது அங்கேதான்.

1935-ஆம் ஆண்டு, கோபாலசுவாமி இங்கே வானொலி தொடங்கிய அதே ஆண்டில், அமெரிக்காவில் ஸ்ட்ரூப் என்பார் ஒரு சோதனையை வெளியிட்டார். நூறு வண்ணக் கட்டங்களைக் காட்டி அவற்றின் நிறங்களைச் சொல்லச் சொன்னார்; சராசரியாக 63 விநாடி ஆயிற்று. பிறகு, 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையிலும் 'பச்சை' என்ற சொல்லை நீல மையிலும் அச்சிட்டு, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னார். 110 விநாடி ஆயிற்று. படிக்காதே என்றாலும் கண் படித்துவிடுகிறது. இன்று இதே சோதனையை, நாட்டிங்காமில் ஜோனதன் பியர்ஸ் என்பார் தொடங்கி இலவசமாக வழங்கும் 'சைக்கோபை' என்னும் மென்பொருளால் எந்த மாணவியும் தமிழ் எழுத்திலேயே அமைத்துவிடலாம்.

ஆனால், கணிப்பொறி காட்டும் மணித்துளிக் கணக்கை அப்படியே நம்பலாமா? சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒரு சொல் திரையில் தோன்றும் கணம், விநாடியில் ஆயிரத்தில் 16 அல்லது 17 பங்கு முன்பின்னாகலாம். விசைப்பலகையும் தன் பங்குக்குத் தாமதம் செய்கிறது. ஒரே பொறியில், ஒரே ஆளுக்கு இருவகைச் சொற்களையும் காட்டி, ஒன்றின் நேரத்தை மற்றொன்றிலிருந்து கழித்தால், இரண்டிலும் உள்ள நிலையான தாமதம் தானே நீங்கிவிடும். எஞ்சிய தடுமாற்றம் பலமுறை அளந்து சராசரி காண்பதால் குறையும். ஆகவே எளிய பொறியே போதும்.

அப்பெண்ணோ முதலில் வேறொரு திட்டத்தோடு வந்தாள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளைத் தன் பொறியிலும், கன்னட வீட்டுப் பிள்ளைகளைத் தோழியின் பொறியிலும் சோதித்து, எவர் விரைவில் விடை தருகிறார் என்று ஒப்பிடுவது அவள் எண்ணம். நான் பதறிப்போனேன். தோழியின் விசைப்பலகை சற்று மந்தமாக இருந்தால் என்ன ஆகும்? பலகையின் மந்தத்தைப் பிள்ளைகளின் மந்தம் என்று எழுதிவிடுவாள். அச்சில் ஏறிய பிறகு அதை யார் அழிப்பது? பிற மாநிலத்தில் வாழும் நமக்கு, ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டு எண் தரும் ஆராய்ச்சியின் கூர்மை நன்கு தெரியும். அவள் உடனே புரிந்துகொண்டாள். எல்லாரையும் ஒரே பொறியில், வரிசையைக் கலந்து சோதிப்பது என்றும், இரு கூட்டத்தாரை ஒப்பிடாமல், ஒரே ஆள் தமிழ்ச் சொல்லாலும் கன்னடச் சொல்லாலும் எவ்வளவு தடுமாறுகிறார் என்று பார்ப்பது என்றும் முடிவாயிற்று.

கணிப்பொறியின் மற்றொரு பக்கமும் உண்டு. அதைப் பேசும்போது என் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், துயருற்ற பன்னிருவரைக் கண்டு பேசி, அவர்கள் சொன்னவற்றை ஒலிப்பதிவு செய்து தம் மடிக்கணிப்பொறியில் வைத்திருந்தார். ஊருக்குச் செல்லும் வழியில் இரயிலில் அப்பொறி களவு போயிற்று. பூட்டுச்சொல் இருந்தது, ஆனால் உள்ளிருந்த சேமிப்பகம் மறையாக்கம் செய்யப்படவில்லை. பொறியைப் பிரித்துச் சேமிப்பகத்தை எடுத்து வேறொன்றில் மாட்டினால் எல்லாம் கேட்கும். கோப்புகளுக்குப் பெயராக அம்மனிதர்களின் பெயர்களையே இட்டிருந்தார். அந்தப் பன்னிருவரையும் நேரில் கண்டு செய்தியைச் சொல்லச் சென்றோம். ஓர் அம்மையார் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "என் கணவருக்கும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன்" என்று மட்டும் கூறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாணவருக்குப் புள்ளியியல் அனைத்தும் கற்பித்த நான், இந்த ஒன்றைக் கற்பிக்கவில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயுற்றோரின் செய்திகள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்பதை உரிமையாகவே வகுத்துள்ளது. மின்முறையில் சேமித்தவற்றுக்கும் அது பொருந்தும். மாணவர் மருத்துவர் அல்லர் என்பது உண்மை. ஆயினும் அவரிடம் மனம் திறந்தவருக்கு அவ்வேறுபாடு தெரியாது. ஆகவே, வாங்கிய அன்றே சேமிப்பகத்தை மறையாக்கம் செய்யுங்கள். விண்டோஸ், ஆப்பிள் இரண்டிலும் அதற்கு வழியுண்டு. சில பொறிகளில் விண்டோஸின் உயர் பதிப்பு தேவைப்படும் என்பதால் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு எண் இடுங்கள்; எண்ணுக்குரிய பெயரைத் தாளில் எழுதி வேறிடத்தில் பூட்டி வையுங்கள். ஒரு படியை, அதனையும் மறையாக்கி, வேறொரு சேமிப்பகத்தில் வையுங்கள்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் மாணவர் கேட்கிறார்கள். 1966-இல் வைசென்பாம் என்பார், உள மருத்துவரைப் போல் மறுவினா எழுப்பும் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். அது வெறும் சொல் விளையாட்டு என்பதை அறிந்திருந்த அவருடைய செயலாளரான பெண்மணியே, அதனோடு சிறிது நேரம் உரையாடியபின், அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். மனிதர் எதனிடமும் மனம் திறப்பர். இன்றைய செயலிகள் எலைசாவினும் பன்மடங்கு வல்லவை. கட்டுரையின் கருத்தை விளக்கிக்கொள்ளவும், நிரலில் பிழை தேடவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பிறர் உங்களிடம் கூறிய துயரத்தை மட்டும் அவற்றில் இட்டுச் சுருக்கித் தரச் சொல்லாதீர்கள். அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு நீங்கள் அவரிடம் உறுதி கூற இயலாது.

அக்குடும்பத்தார் கடைக்காரர் காட்டியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு பொறி வாங்கினார்கள். வளையல்கள் அம்மையாரின் கையிலேயே உள்ளன. முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் நீங்களே காணலாம்.

அப்பெண் இன்று இறுதியாண்டு மாணவி. நான் சொன்ன சோதனையை அமைத்து முடித்துவிட்டாள். தமிழும் கன்னடமும் படிக்கத் தெரிந்த, பதினெட்டு வயது நிரம்பிய நாற்பது பேர் அவளுக்கு வேண்டும். விழா முடிந்தபின் நூலக அறையில் அப்பொறியோடு காத்திருப்பாள். முதலில் ஒப்புதல் தாளைப் படித்துக் காட்டுவாள். வேண்டாமென்று நடுவிலே எழுந்து வரவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெயர் கேட்கமாட்டாள், எண் தருவாள். ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும். கண்ணாடி அணிபவர்கள் மறவாமல் கண்ணாடியோடு செல்லுங்கள். சிற்றுண்டி அதற்குள் தீர்ந்துவிடாது என்று செயலாளர் உறுதியளித்திருக்கிறார்.