இளையவர்கள் சொல்வதையும் கேட்போம்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கணும், விறகு பொறுக்கணும், கடைக்குப் போய் அரிசி சாமான் வாங்கணும் என்று உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டம் வைக்கிறவர்கள். போகிற இடமெல்லாம் ஒரே காட்சிதான். முன்வரிசையில் பெரியவர்கள் இருப்பார்கள். இளைஞர்கள் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். குமரிப் பிள்ளைகள் வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் "தம்பிமார் ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் கூட்டம் கலைந்து நாங்கள் ரோட்டுக்கு இறங்கினால், அதே பிள்ளைகள் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்து பேசுவார்கள். "திருவிழாவுக்கு இவ்வளவு காசு சேர்க்கிறாங்க, எங்களுக்கு ஒரு வலை வாங்கித் தரமாட்டேங்கிறாங்களே" என்பான் ஒரு தம்பி. "சொன்னா வாய் காட்டுறேன்னு அம்மா அடிக்கிறாங்க" என்பாள் ஒரு தங்கை.

ரோட்டில் வரும் இந்தப் பேச்சு கூட்டத்துக்குள்ளேயும் வர வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறோம்.

கேட்காமல் போட்ட கணக்கு

பெரியவர்களே, கேட்கப்படாமல் இருப்பதன் வலி உங்களுக்குத் தெரியாததல்ல. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்தில் இருந்து நம்மவர் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஆட்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடமோ, கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பாவிடமோ உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்து, தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களின் அழுகை இன்னும் பல வீடுகளில் ஓயவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் நாடற்றவர் என்ற பெயர் நம்மை விட்டு விலகியது.

தன்னைப் பற்றிய முடிவைத் தன்னிடம் கேட்காமல் எடுத்தால் மனிதனுக்கு எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாம் நம் வீட்டுப் பிள்ளைகளிடம், "உனக்கு என்னா தெரியும், சும்மா இரு" என்று சொல்லலாமா?

பிள்ளைகளைப் பாதிக்கும் காரியங்களில் அவர்கள் தம் கருத்தைச் சொல்லலாம், அதற்கு வயதுக்கேற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இல் அதற்குச் சம்மதம் கொடுத்தது. ஆக, பிள்ளை பேசுவது வாய்க்கொழுப்பு அல்ல, அதன் உரிமை.

நம்ம பழக்க வழக்கங்கள்

முதலில் கோயில், கூத்து விஷயம். இளசுகள் இதில் அக்கறை இல்லாதவர்கள் என்று பெரியவர்கள் குறைபடுகிறார்கள். நாங்கள் பேசிப் பார்த்த அளவில் அது முழு உண்மை அல்ல.

காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி வாக்கில் காமன் தகனம் நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைத்த மன்மதன் எரிந்து போவதும், ரதி அழுது மன்றாடுவதும் விடிய விடிய நடக்கும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு போல இதுவும் நம்ம முன்னோர் காடு வெட்டி மலையேறி வந்த காலத்திலேயே நெஞ்சில் சுமந்து வந்த சொத்து. ஆடத் தெரிந்த வாத்தியார்மார் கண்ணை மூடிவிட்டால் பாட்டும் அவர்களோடு போய்விடும்.

இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டால் மூன்று விதமான பதில் வருகிறது. "எங்களுக்கு ஆட ஆசைதான், ஆனா சொல்லிக் குடுக்க ஆள் இல்ல" என்கிறார்கள் சிலர். "ரதி வேஷத்தை ஏன் ஆம்பிளையே கட்டணும், நாங்க கட்டக்கூடாதா?" என்று பெண்பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்னும் சிலர் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார்கள்: "தப்பு எடுத்தா எங்களை ஒரு மாதிரியாப் பார்க்கிறாங்க."

இந்த மூன்றாவது பதிலை நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டது தப்பு. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் போவது தப்பு. கூத்துக்கு உயிர் தப்பு. செத்த வீட்டிலும் தப்பு. அது இல்லாமல் தோட்டத்தில் நல்லது கெட்டது எதுவும் நடப்பதில்லை. ஆனால் அடிக்கிறவரை மட்டும் சாதி சொல்லித் தள்ளி நிறுத்துவோம். அப்புறம் அவர் மகன் தப்பைத் தொடமாட்டேன் என்றால் பாரம்பரியம் அழியுதே என்று புலம்புவோம். இது நியாயமா? இன்று சில இளைஞர் குழுக்கள் சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து தப்புப் பழகி மேடையேறுகிறார்கள். வழியைக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

அதேபோல், பரீட்சைக் காலத்தில் கோயில் ஸ்பீக்கரை இரவு பத்து மணிக்கு மேலும் அலறவிடுவதைப் பற்றிச் சாதாரண தரம் எழுதும் பிள்ளையிடம் கேட்டீர்களா? கடன் வாங்கிச் சடங்கு செய்வதைப் பற்றி, யாருக்காகச் செய்கிறோமோ அந்தப் பெண்பிள்ளையிடம் கேட்டீர்களா? "எனக்கு ஊரைக் கூட்ட வேணாம், அந்தக் காசுல டியூசனுக்குப் போறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தீபாவளி முற்பணம் கொண்டாட்டத்தோடு முடிவதில்லை. அடுத்த மாதங்களில் சம்பளத்தில் வெட்டுப்படும்போது பிள்ளைகளின் சாப்பாட்டிலும் கொப்பியிலும்தான் அது தெரியும்.

தம்பி தங்கையருக்கும் ஒரு வார்த்தை. ஒன்றை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ரோதமுனி யார், கவ்வாத்துச் சாமி ஏன் வந்தது என்று அப்பாயி, அம்மாயியிடம் கேளுங்கள். மடகொம்பரையில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்கள் வாயில் இருந்த பாட்டுகளைக் கேட்டுச் சேர்த்து எழுதி வைத்ததால்தான் இன்று அவை புத்தகத்தில் இருக்கின்றன. உங்கள் லயத்துக் கிழவி பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் போனில் பதிந்து வைக்க உங்களால் முடியாதா?

விளையாட்டு

முத்தையா முரளிதரனை அறியாத பிள்ளை இல்லை. அவருடைய தாத்தா தமிழ்நாட்டில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்து, 2010 ஜூலையில் காலி மைதானத்தில் விடைபெற்றார். அந்தக் கணக்கை இதுவரை யாரும் எட்டவில்லை. அவருக்குத் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. அதோடு கண்டியில் மைதானமும் பயிற்றாளரும் உள்ள ஒரு பாடசாலையும் கிடைத்தது. வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனைச் சுழல்பந்து போட்டுப் பார் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தார்.

நம்ம தோட்டங்களில் சமதரை கிடைப்பது குதிரைக்கொம்பு. இருக்கும் சமதரையில் ஸ்டோரும் பங்களாவும் நிற்கும். லயங்கள் சரிவில் தொங்கும். ஒரு டிவிசனுக்கு ஒரு மைதானம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பெரிய பையன்கள் கிறிக்கட்டுக்குப் பிடித்துக்கொள்வார்கள். சின்னதுகள் ரோட்டில் விளையாடும். பெண்பிள்ளைகள் பீலியில் குடத்தோடு நிற்பார்கள்.

எல்லா விளையாட்டுக்கும் பெரிய மைதானம் வேண்டியதில்லை. கரப்பந்துதான் நம் நாட்டின் தேசிய விளையாட்டு. அதன் கோட்டுக்குள் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும்தான். சுற்றி ஓடியாடக் கொஞ்சம் இடம் விட்டால் போதும். வலையை ஆண்களுக்கு 2.43 மீற்றரிலும் பெண்களுக்கு 2.24 மீற்றரிலும் கட்ட வேண்டும். பெண்கள் கபடிக்கு 12 மீற்றருக்கு 8 மீற்றர் போதும், பந்துகூடத் தேவையில்லை. இடிந்த பழைய லயத்தின் தரையில் இது அமையுமா, எந்த இடம் தோதாக இருக்கும் என்று அந்த மண்ணில் தினமும் ஓடித் திரிகிற பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அவர்கள் இடத்தைக் காட்டட்டும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பேச நாங்கள் கூட வருகிறோம்.

பெண்பிள்ளைகள் விளையாடும் நேரத்தையும் அவர்களிடமே கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் அண்ணன் தண்ணீர் தூக்கினால் தங்கை கோட்டுக்குள் இறங்கலாம். அண்ணனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அன்றாட வாழ்க்கை

இதில்தான் பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்கள். ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை. உடுப்பு மாற்ற மறைவு இல்லை, படிக்க மேசை இல்லை. 2020, 2021இல் கொரோனாவால் பாடசாலை மூடிக் கிடந்தபோது சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறி, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு போனில் படித்த பிள்ளைகள் இவர்கள். "போனைக் கையில் எடுத்தாலே கெட்டுப்போச்சு" என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். எவ்வளவு நேரம், எதற்கு என்று உட்கார்ந்து பேசி முடிவு எடுங்கள்.

கடிதம் விஷயத்தையும் சொல்கிறார்கள். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத இடங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே தங்கி, கைமாறித்தான் வீட்டுக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்தால், படித்த பிள்ளையின் வருஷக்கணக்கான உழைப்பு அந்த மேசையிலேயே போய்விடும். படிப்பறிவு கம்மியான பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பிள்ளைகள் சொன்னால்தான் இதன் பாரம் நமக்கு விளங்கும். கடிதங்களை அன்றன்றே லயத்துக்குக் கொண்டு சேர்க்க ஓர் ஒழுங்கு செய்வது பெரிய செலவுள்ள வேலையல்ல.

பிறகு கொழும்பு. கடைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்புவதை அப்பாவும் தரகரும் பேசி முடித்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பஸ் ஏறும் அன்றுதான் தெரிகிறது. 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021இல் இருந்து 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 16 வயது தாண்டிய பிள்ளையானாலும், "போக உனக்குச் சம்மதமா, எங்கே தங்கப் போறே, அந்த இடத்தைப் பற்றி என்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

எப்படிக் கேட்பது?

"இப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தா நாளைக்கு எங்க தலையில ஏறி உட்கார்ந்துக்குவாங்க" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். கருத்துக் கேட்பது என்றால் சொன்னதை எல்லாம் அப்படியே செய்வது என்று அர்த்தம் இல்லை. கேட்க வேண்டும், யோசிக்க வேண்டும், முடியாவிட்டால் ஏன் முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்கிற பெரியவருக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே ஒவ்வொரு டிவிசனிலும் இப்படிச் செய்து பாருங்கள். ஆண்பிள்ளைகள் ஒரு பக்கமும் பெண்பிள்ளைகள் ஒரு பக்கமும் முதலில் தனித்தனியாகப் பேசட்டும். கூச்சம் உள்ளவர்கள் பெயர் போடாமல் துண்டில் எழுதிப் பிள்ளைமடுவத்தில் வைக்கும் பெட்டியில் போடட்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்த நண்பர் உதவட்டும். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்காரும்போது வயதில் இளையவர் முதலில் பேசட்டும், தலைவர்மார் கடைசியில் பேசட்டும். கோயில் கமிட்டியில் இரண்டு இளையவர்களைச் சேருங்கள், அதில் ஒருவர் பெண்பிள்ளையாக இருக்கட்டும். வந்த கருத்துகளில் ஒன்றையாவது அடுத்த சம்பளத்துக்குள் செய்து காட்டுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த முறை பெட்டி காலியாகத்தான் இருக்கும்.

தம்பி தங்கையரே, நாங்கள் உங்களிடம் கேட்பது இவைதான்:

நம்ம பழக்க வழக்கங்களில் எதைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும்? எதை மாற்ற வேண்டும்? ஏன்?

உங்கள் டிவிசனில் என்ன விளையாட்டு வேண்டும்? எந்த இடத்தில்? அந்த இடத்தைத் துப்புரவு செய்ய எத்தனை பேர் வருவீர்கள்?

வீட்டிலும் லயத்திலும் உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்துவது எது? அதைத் தீர்க்க உங்களால் என்ன செய்ய முடியும், பெரியவர்களால் என்ன செய்ய முடியும்?

2023இல் நம்மவர் பலர், வாலிபப் பிள்ளைகளும் சேர்ந்து, முன்னோர் வந்த வழியே தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை கால்நடையாக நடந்தார்கள். 200 வருஷத்துக் கதையை நாட்டுக்குச் சொல்ல நடந்தார்கள். அவ்வளவு தூரம் நடக்கத் தெம்புள்ள பிள்ளைகளுக்கு நம்ம கூட்டத்தில் பின் சுவரில் இருந்து முன்வரிசைக்கு வர நாலு அடிதான். அந்த நாலு அடிக்கு வழி விடுங்கள்.

மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் என்பார்கள். இளையவர் சொல்லும் சில நேரம் அப்படித்தான். கொஞ்சம் பொறுத்துக் கேட்டுப் பாருங்கள்.

பெட்டியில் விழும் துண்டுகளை அடுத்த மாத முடிவில் வந்து எடுப்போம். பெயர் சொல்லாமல் அவற்றை இந்தப் பத்திரிகையிலும் போடுவோம். எழுதுங்கள், பேசுங்கள். கேட்கக் காத்திருக்கிறோம்.