டோபி ஜக்: இடிக்கப்பட்ட ஓர் இசைக்கூடம்



இலண்டனின் தென்மேற்கே, கிங்ஸ்டனை அடுத்து டால்வர்த் என்னும் புறநகர் உள்ளது. 1927இல் கிங்ஸ்டன் புறவழிச்சாலை திறக்கப்பட்டபின் அதன் இருமருங்கிலும் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. புதிய சாலைகளில் கார் ஓட்டி வருவோரையும் புதுக் குடிகளையும் எதிர்பார்த்து விசாலமான மதுக்கூடங்கள் கட்டப்பட்ட காலம் அது. 1930களில் அவ்வாறு எழுந்ததே டோபி ஜக். முக்கோணத் தொப்பியணிந்து, கையில் மதுக்கிண்ணத்துடன் அமர்ந்திருக்கும் பருத்த மனிதனின் வடிவில் வனைந்த பீங்கான் குடுவைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது.

மதுக்கூடம் என்றவுடன் தமிழர் மனத்தில் எழும் சித்திரம் வேறு. ஆங்கிலப் புறநகரில் அது ஊர்ப்பொதுவிடம். பெரிய மதுக்கூடங்கள் பலவற்றில் பின்புறம் ஒரு மண்டபம் இருக்கும். திருமண விருந்தும் சங்கக் கூட்டமும் நடனமும் அங்கே நடைபெறும். 1960களில் கறுப்பின அமெரிக்கரின் ப்ளூஸ் இசை ஆங்கில இளைஞரை ஆட்கொண்டபோது, பெரிய அரங்குகளை எட்டமுடியாத குழுக்களுக்கு இத்தகைய மண்டபங்களே புகலிடமாயின. லெட் செப்பலின் தன் முதல் இசைத்தட்டு இங்கிலாந்தில் வெளியான 1969ஆம் ஆண்டிலேயே டோபி ஜக்கில் பாடியது.

எனினும் இக்கூடத்தின் பெயர் நிலைத்திருப்பது 1972 பிப்ரவரி 10ஆம் நாள் இரவால். அன்று அங்குப் பாடியவர் டேவிட் போவி. 1969இல் ஒரு பாடலால் புகழ்பெற்று, பின் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தவர். அவர் அன்று தாமாக வரவில்லை. ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்னும் கற்பனைப் பாடகனாக, விசித்திர உடையில் வந்தார். கிட்டார் வாசித்தவர் மிக் ரான்சன். உடனிருந்தோர் ட்ரெவர் போல்டரும் வுடி வுட்மன்சியும். கூடியிருந்தோர் அறுபது பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. (பன்னிரண்டு நாட்களுக்கு முன் எய்ல்ஸ்பரியிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. எனினும் ஜிக்கியின் இசைப்பயணம் டால்வர்த்தில் தொடங்கியதாகவே வரலாற்றாசிரியர் பலரும் கொள்கின்றனர்.)

கவிஞர்கள் கருதத்தக்கது இங்கேதான் உள்ளது. அகப்பாடலில் புலவர் தம் பெயரால் பேசுவதில்லை. தலைவியாகவோ தோழியாகவோ பேசுகிறார். கேட்போர் அம்மரபை அறிந்தவராதலால் அது எளிதாயிற்று. போவிக்கு அத்தகைய மரபின் துணை குறைவு. மாற்றுக்குரலை ஏற்கவும் எள்ளி நகையாடவும் உரிமையுள்ள, பீர்க் கோப்பையுடன் நிற்கும் அயலாரிடம் அவர் அதைச் சோதித்தார். சிறு கூடத்தில் கேட்பவரின் முகம் பாடுபவருக்குத் தெரியும். தவறினாலும் இழப்பு பெரிதன்று. அதே ஆண்டு ஜூலை 6இல் தொலைக்காட்சியில் நாடே ஜிக்கியைக் கண்டபோது, அக்குரல் நகர மண்டபங்களிலும் கல்லூரிகளிலும் மாதக்கணக்கில் பழகி முதிர்ந்திருந்தது. அந்தப் பழக்கத்தைத் தந்த இடங்களைப் புகழ் நினைவுகூர்வது அரிது.

1973 ஜூலை 3இல் ஹாமர்ஸ்மித் ஓடியனில், மேடையிலேயே ஜிக்கிக்கு முடிவுரை கூறினார் போவி. 1932இல் திறக்கப்பட்ட அவ்வரங்கு கட்டடக்கலைச் சிறப்பால் சட்டப் பாதுகாப்புப் பெற்று நிற்கிறது. ஜிக்கி இசைத்தட்டின் உறைப்படம் எடுக்கப்பட்ட ஹெடன் தெருவில் 2012இல் நினைவுப் பலகையும் பதிக்கப்பட்டது. முடிந்த இடத்துக்குக் காவல் உண்டு. படமெடுத்த தெருவுக்குப் பலகை உண்டு. தொடங்கிய இடமோ 2000இல் இடிக்கப்பட்டது. இதனை ஒருவர் குற்றம் என்பதைவிட, பாதுகாப்புச் சட்டங்களின் பார்வைக் குறைவு என்பதே பொருந்தும். அழகிய முகப்பை மதிப்பிட அவற்றுக்கு அளவுகோல் உண்டு. பதிவு செய்யப்படாத மாலைப்பொழுதுகளை எதனால் அளப்பது? பெருஞ்சாலையோரத்து நிலமும் வண்டி நிறுத்தும் முற்றமும் கட்டடத்தினும் மதிப்புடையனவாகும்போது இத்தகைய மதுக்கூடங்கள் நிலைப்பதில்லை. டோபி ஜக் இருந்த நிலம் அதன்பின் பல்லாண்டுகள் வெறுமையாகக் கிடந்தது.

ரான்சன் 1993இல், கூடம் இடிபடுவதற்கு முன்பே மறைந்தார். போல்டர் 2013இலும், போவி 2016 ஜனவரி 10இலும் மறைந்தனர். அப்போது அந்நால்வரில் எஞ்சியவர், அன்று டிரம்ஸ் வாசித்த வுட்மன்சி ஒருவரே.