படம் எடுப்போர் சங்கம்



இன்று பலர் கையில் செல்பேசி இருக்கிறது. ஒரு விரல் பட்டால் படம் விழுகிறது. அந்தக் காலத்தில் அப்படி இல்லை. பெரிய மரப்பெட்டி வேண்டும். கண்ணாடித் தகடு வேண்டும். மருந்துக் கரைசல் வேண்டும். தனியாளாகக் கற்பது கடினம். அதனால் ஆசைப்பட்டவர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். பம்பாயில் 1854-இல் ஒன்று. கல்கத்தாவில் 1856-இல் ஒன்று.

கல்கத்தா சங்கத்தில் வெள்ளைக்காரர்களோடு இந்தியர்களும் இருந்தார்கள். ராஜேந்திரலால் மித்ரா என்ற அறிஞர் அதன் பொருளாளர். 1857-இல் ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் அவுரித் தோட்ட வெள்ளை முதலாளிகளைக் கண்டித்துப் பேசினார். சங்கத்து வெள்ளைக்காரர்களுக்குக் கோபம் வந்தது. அவரை நீக்கிவிட்டார்கள். படத்துக்கும் அவுரிக்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்கள்!

இன்றும் பல ஊர்களில் இத்தகைய சங்கங்கள் உண்டு. ஒருவர் எடுத்த படத்தை எல்லோரும் பார்ப்பார்கள். "முகத்தில் வெளிச்சம் போதாது. சன்னல் பக்கம் நிற்க வைத்திருக்கலாம்" என்பார் ஒருவர். "தலையில் விளக்குக் கம்பம் முளைத்திருக்கிறதே!" என்பார் இன்னொருவர். எடுத்தவரும் சேர்ந்து சிரிப்பார். அடுத்த படத்தில் கம்பம் இருக்காது. "நன்று, நன்று" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன பயன்?

நம் மையத்திலும் சனிக்கிழமை மாலை கூடுவோம். படங்களைக் கொண்டு வாருங்கள். பேச்சு பிடிக்கவில்லை என்று யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம். செல்பேசி யாருடையது என்றும் கேட்க மாட்டோம். படத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்டீர்களா என்று மட்டும் கேட்போம்.