நான்கு சகோதரர்கள், ஒரு கப்பல், ஒரு கணக்குப் புத்தகம்

இந்த வாரம் கோடிங் கிடையாது, ஸ்டார்ட்அப் கிடையாது, ஏஐ கிடையாது. 260 வருஷத்துக்கு முந்தைய சில பிசினஸ் கடிதங்களைப் பத்திப் பேசப்போறேன்.

"உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?"னு கேப்பீங்க. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் உண்மையில எப்படி ஓடுதுன்னு தெரியணும்னா, அதைப் பத்தி எழுதி வச்ச அழகான டாகுமெண்டை ஓரமா வச்சிட்டு, லாகைத் திறந்து பார்ப்போம். அமெரிக்கா எப்படி உருவாச்சுங்கிறதுக்கு அழகான டாகுமெண்டுகள் நிறைய இருக்கு. லாக் எங்கே இருக்குன்னு தேடினா, அது வியாபாரக் குடும்பங்களோட கடிதக் கட்டுகள்லயும் கணக்குப் புத்தகங்கள்லயும் இருக்கு.

நான் எடுத்துக்கிட்டது பிரவுன் குடும்பம். ஊர், ரோட் ஐலண்டில் இருக்கிற பிராவிடன்ஸ். அப்பா ஜேம்ஸ் பிரவுன் 1739ல் இறந்துபோறார். நிக்கோலஸ், ஜோசப், ஜான், மோசஸ்னு பிள்ளைகள். சித்தப்பா ஒபடையா தொழிலைப் பார்த்துக்கிறார். அவரும் 1762ல் காலமாக, நாலு சகோதரர்களும் சேர்ந்து "நிக்கோலஸ் பிரவுன் அண்ட் கம்பெனி"ங்கிற பேர்ல நிறுவனத்தை நடத்துறாங்க. திமிங்கிலத் தலையில கிடைக்கிற மெழுகுல மெழுகுவத்தி செய்றது, ரம், அப்புறம் இரும்பு உருக்குறது. இப்படிப் பல கை.

அந்தக் காலத்துல கடிதம்னா என்னன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கப்பலைவிட வேகமா எந்தச் செய்தியும் கடலைத் தாண்டாது. கேப்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுட்டார்னா, முதலாளியால பல மாசத்துக்கு எதையும் மாத்த முடியாது. அதனால புறப்படும்போது கையில குடுக்கிற அறிவுரைக் கடிதம்தான் முழு புரோகிராம். என்ன வாங்கணும், எங்கே விக்கலாம், கேப்டனுக்கு என்ன பங்கு, எல்லாம் அதுல இருக்கணும். வழியில தொலைஞ்சா என்ன பண்றதுன்னு ஒரே கடிதத்தை ரெண்டு மூணு பிரதி எடுத்து வேற வேற கப்பல்ல அனுப்புவாங்க. அலுவலகத்துல ஒரு நகல் நோட்டுல ஏறும். நம்ம பேக்அப் மாதிரியேதான். அந்தப் பழக்கத்தால்தான் இன்னிக்கு நம்மால இதையெல்லாம் படிக்க முடியுது.

1764 செப்டம்பர்ல இவங்க "சாலி"ங்கிற கப்பலை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புறாங்க. அடிமை வாங்க. கேப்டன் ஈசக் ஹாப்கின்ஸ். பிற்பாடு அமெரிக்கப் புரட்சியில கான்டினென்டல் கடற்படைக்கே தலைமைத் தளபதியா ஆனவர். கப்பல்ல 17 ஆயிரம் கேலனுக்கு மேல ரம், மெழுகுவத்திப் பெட்டிகள், வெங்காயம். கூடவே கைவிலங்கும் கால்விலங்கும். எல்லாம் ஒரே சரக்குப் பட்டியல்ல.

அவருக்குக் குடுத்த அறிவுரைக் கடிதத்துல ஒரு விஷயம் என்னை ரொம்ப நேரம் நிறுத்திடுச்சு. சுமார் 15 வயசுள்ள இளம் அடிமைகள் நாலு பேரை எங்க சொந்த உபயோகத்துக்குக் கொண்டு வாங்கன்னு சகோதரர்கள் எழுதுறாங்க. வெளியூர் போறவர்கிட்ட வீட்டுக்குச் சாமான் சொல்லி அனுப்புவோமே, அதே தொனி. கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. நல்ல கையெழுத்து, மரியாதையான மொழி.

ஆப்பிரிக்கக் கரையில சாலி ஒன்பது மாசம் நின்னது. அத்தனை மாசம், வாங்கப்பட்டவங்க கப்பலோட அடித்தளத்துலதான் அடைபட்டுக் கிடந்தாங்க. ஹாப்கின்ஸ் ஒரு கணக்குப் புத்தகம் வச்சிருந்தார். ஒரு பக்கம் எத்தனை கேலன் ரம்முக்கு எத்தனை பேர். இன்னொரு பக்கம் சாவுகள். யாராவது இறந்தா ஒரு வரி எழுதுவார், வரிசை எண் போடுவார். ஆணா, பெண்ணா, சிறுவனா, சிறுமியா, அவ்வளவுதான். பேர் கிடையாது. கப்பல் கரையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு பெண் தளங்களுக்கு நடுவே தூக்குப் போட்டுக்கிட்டாங்க. அதுவும் ஒரு வரி.

1765 ஆகஸ்ட்ல கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்புது. ஆகஸ்ட் 28ஆம் தேதி அடைபட்டவங்க எதிர்த்து எழுந்தாங்க. மாலுமிகள் துப்பாக்கியால சுட்டு அடக்கினாங்க. எட்டுப் பேர் செத்தாங்க. அக்டோபர்ல கரீபியனின் ஆன்டிகுவா தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஹாப்கின்ஸ் முதலாளிகளுக்குக் கடிதம் எழுதுறார். அந்த எழுச்சிக்குப் பிறகு அவங்க மனசு உடைஞ்சுபோச்சு, சிலர் கடல்ல விழுந்தாங்க, சிலர் பட்டினி கிடந்து இறந்தாங்க, மத்தவங்க நோய்ல போனாங்கன்னு சொல்றார். வாங்கினது 196 பேர். அதுல குறைஞ்சது 109 பேர் இறந்துபோனாங்க.

இதுக்குப் பிராவிடன்ஸ்லேர்ந்து ஒரு பதில் போகுது. நீங்க நல்ல உடல்நலத்தோட இருக்கிறதே எங்களுக்குப் பெரிய திருப்தி, அதனால எங்களுக்கு வந்த பெரும் நஷ்டத்தைப் பொறுத்துக்கறோம். சாராம்சம் அவ்வளவுதான். ஒரு ஊழியரோட நலனைப் பத்தி அக்கறையா எழுதின கடிதம் அது. எழுதினவங்க கெட்ட முதலாளிகள்னு யாரும் சொல்ல முடியாது. இறந்தவங்க அந்தக் கடிதத்துல "நஷ்டம்"ங்கிற கணக்குலதான் வந்தாங்க.

இதுக்கப்புறம் சகோதரர்கள் பிரியறாங்க. நிக்கோலஸ், ஜோசப், மோசஸ் மூணு பேரும் அடிமைக் கப்பல் வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க. ஜான் மட்டும் தொடர்ந்தார். மோசஸோட மனைவி 1773ல் இறந்துபோனாங்க. அதே வருஷம் அவர் தன்கிட்ட இருந்த அடிமைகளை விடுவிச்சார். அடுத்த வருஷம் குவேக்கர் சமயத்துல சேர்ந்தார். பத்து வருஷம் கழிச்சு, 1783ல், பிராவிடன்ஸ்ல இன்னொரு வணிக நிறுவனம் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் அனுப்பப்போறதாக் கேள்விப்பட்டு, அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் வாழ்க்கையில செஞ்ச எதையும்விட அந்தப் பயணம்தான் தன் மனசுல பெரிய கறையா நிக்குதுங்கிறார். சாலி போய் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆச்சு.

ஜானும் மோசஸும் இதைப் பத்திப் பத்திரிகையிலேயே மோதிக்கிட்டாங்க. 1789ல் மோசஸ் அடிமை ஒழிப்புச் சங்கம் அமைக்கிற வேலையில இறங்க, ஜான் "ஒரு குடிமகன்"ங்கிற புனைபெயர்ல எதிர்த்து எழுதினார். அடிமை வணிகத்தைக் கட்டுப்படுத்தி 1794ல் வந்த கூட்டரசுச் சட்டத்தின் கீழ் முதல்ல வழக்குல மாட்டினவர் ஜான்தான். 1797ல் "ஹோப்"ங்கிற அவரோட கப்பல் பறிமுதலாச்சு. இதே ஜானை 1775ல் பிரிட்டிஷ்காரங்க பிடிச்சு பாஸ்டனுக்குக் கொண்டுபோனப்போ, நேர்ல போய் விடுவிச்சுக் கூட்டிட்டு வந்தவர் மோசஸ். கொள்கையில சண்டை, ரத்தத்துல பாசம். நம்ம ஊர்ல பங்காளிச் சண்டை பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை.

இங்கேயே நிறுத்தினா மோசஸ் ஹீரோ, ஜான் வில்லன்னு கதை சுலபமா முடிஞ்சிடும். ஆனா 1789 டிசம்பர்ல மோசஸுக்கு இன்னொரு கடிதம் வருது. இங்கிலாந்துலேர்ந்து புதுசா வந்த சாமுவேல் ஸ்லேட்டர்ங்கிற இளைஞர் எழுதினது. நூற்பு இயந்திரம் எனக்குத் தெரியும்ங்கிறார். மோசஸ் அவரைக் கூப்பிட்டுப் பணம் போடுறார். 1790ல் பக்கத்து ஊரான பாவ்டக்கெட்ல தண்ணீர் விசையில பருத்தி நூல் ஓட ஆரம்பிக்குது. அமெரிக்கத் தொழிற்புரட்சி இங்கேதான் தொடங்குதுன்னு பாடப்புத்தகத்துல வரும். அடுத்த சில வருஷங்கள்ல இந்த மாதிரி ஆலைகள் பெருகப் பெருக, அதுக்கான பஞ்சைத் தெற்குல விளைவிச்சவங்க அடிமைகள். அடிமைக் கப்பலை விட்டு வெளியே வந்த மனுஷனோட முதலீடு, வேற வாசல் வழியா அதே தோட்டத்துக்குப் போய்ச் சேருது. மோசஸோட வருத்தம் பொய்யின்னு நான் நினைக்கல. சப்ளை செயின் அவ்வளவு நீளம்.

ஊர்ல இருந்த ரோட் ஐலண்ட் கல்லூரிக்கு 1804ல் நிக்கோலஸோட மகன் 5,000 டாலர் குடுத்தார். கல்லூரி "பிரவுன் பல்கலைக்கழகம்"னு பேர் மாறுச்சு. ஆமா, நம்ம பசங்க எம்எஸ் அப்ளை பண்ற அதே பிரவுன்தான். 2003ல் அதோட தலைவர் ரூத் சிம்மன்ஸ். ஐவி லீக்குக்குத் தலைமை ஏற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர், அடிமைகளோட வம்சத்துல வந்தவர். பல்கலைக்கழகத்துக்கும் அடிமை முறைக்கும் என்ன தொடர்புன்னு ஆராய அவர் ஒரு குழு போட்டார். 2006ல் அறிக்கை வந்தது. சாலியோட கணக்குப் புத்தகம் அந்த விசாரணையில முக்கியமான ஆதாரம். அந்த வரிகளை எழுதினவங்க ஆதாரம்னு நினைச்சு எழுதல, வரவு செலவு சரியா இருக்கணும்னு எழுதினாங்க.

என் வேலைக்கு வரேன். ஒரு காலத்துல எங்க டீம் ஒரு டெலிவரி ஆப்புக்கு டாஷ்போர்டு கட்டிக்கிட்டிருந்தது. ஆர்டர் ஏன் லேட்டாச்சுன்னு தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருக்கும். அதுல "டிராஃபிக்", அதுக்குக் கீழ "விபத்து". ரெண்டும் ஒரே சைஸ் எழுத்து. விபத்தைத் தேர்ந்தெடுத்தா ஆர்டர் வேற ஒருத்தருக்குப் போயிடும், வாடிக்கையாளருக்கு ஒரு மன்னிப்பு மெசேஜ் போகும். கீழ விழுந்தவர் என்ன ஆனார்னு எழுதறதுக்கு அந்தத் திரையில இடமே இல்லை.

இதை அடிமைக் கப்பலோட ஒப்பிடறேன்னு தயவுசெஞ்சு எடுத்துக்காதீங்க, ரெண்டும் ஒண்ணு கிடையாது. ஆனா பிரவுன் கடிதங்களைப் படிச்ச பிறகு எந்த டேபிளைத் திறந்தாலும் ஒரு கேள்வி வருது. இதுல எந்த வரி மனுஷன்? அவருக்கு என்ன ஆச்சுன்னு எழுத ஒரு காலம் விட்டிருக்கோமா? அந்தக் காலத்தைச் சேர்க்கிறது பெரிய வேலை இல்லை, அரை நாள் டிக்கெட்தான். யாராவது கேட்கணும், அவ்வளவுதான்.

சாலி சம்பந்தப்பட்ட ஆவணங்களை ஸ்கேன் பண்ணி இணையத்துல வச்சிருக்காங்க. கணக்குப் புத்தகத்தோட பக்கங்களை நேர்லயே பாருங்க. எண் போட்ட அந்த வரிகளை ஒண்ணுவிடாம கடைசி வரைக்கும் படிங்க, அதிக நேரம் ஆகாது.

உங்க ஆபீஸ்ல இப்படி ஏதாவது ஒரு டிராப்டவுன் கண்ணுல பட்டா எனக்கு எழுதுங்க, அடுத்த வாரம் படிக்கிறேன்.