டாக்டருக்குத் தெரியாததா?

அறுவை சிகிச்சைக்கு முன் தாதி நீட்டிய பாரத்தில் படிக்காமலே கையெழுத்திட்டார் என் அம்மா. கேட்டால், "டாக்டருக்குத் தெரியாததா?" என்றார்.

சிகிச்சையில் உள்ள முக்கிய அபாயங்களை நோயாளியிடம் முன்கூட்டியே எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்பதை நமது கூட்டரசு நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டிலேயே உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே, "இதில் என்ன ஆபத்து? வேறு வழி உண்டா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, அது நமது உரிமை.

பொறுப்பும் நமக்கு உண்டு. நீரிழிவு மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் குடித்து வந்ததை அம்மா டாக்டரிடம் சொல்லவே இல்லை. இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையலாம். நாம் மறைத்தால், அது டாக்டருக்குத் தெரியாததுதான்!

எனவே, கேட்க வேண்டியதைக் கேளுங்கள்; சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். கையெழுத்து அதன் பிறகு.