வெயில் ஊர்க்காரருக்குக் குளிர்ச் சட்டை

(முன்னாள் மாணவர் சந்திப்பில், அணுபுரம் வட்டார நண்பர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பஃபர் ஜாக்கெட் தேர்ந்தெடுப்பது எப்படி" என்று தலைப்பைச் சொன்னதும் நம் சங்கச் செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை. எங்கள் அணுபுரத்தில் மார்கழி விடியலில் இருபது டிகிரிக்கு இறங்கினாலே மஃப்ளரும் குரங்குக் குல்லாயும் வெளியே வந்துவிடும். மற்ற மாதங்களில் சதுரங்கப்பட்டினத்துப் பக்கமிருந்து கடல் காற்று வந்தால்தான் பிழைப்பு. இந்த ஊரில் நின்றுகொண்டு, கட்டம் கட்டமாகத் தைத்து உப்பலாக இருக்குமே அந்தச் சட்டையைப் பற்றிப் பேசுவதா?

பேசத்தான் வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கனடா, லண்டன் என்று போய்விட்டார்கள். 2025இல் கைலாச யாத்திரை மறுபடி தொடங்கியதும், ஓய்வு பெற்ற நண்பர்கள் இரண்டு மூன்று பேர் மருத்துவப் பரிசோதனைக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். மாணவர்களோ விடுமுறை விட்டால் இமயமலை. பிறந்ததிலிருந்து குளிரே தெரியாதவர்கள் நாம். காஷ்மீர்க்காரருக்கு அவர் பாட்டி சொல்லிக் கொடுத்திருப்பார். நமக்குச் சொல்ல ஆளில்லை. கடைக்காரர் சொல்வதுதான் வேதம்.

கடையில் போய் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை டிகிரி தாங்கும்?" அவரும் சளைக்காமல் "மைனஸ் இருபது சார்" என்பார். இந்தக் கேள்வியைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன். தூங்கும் பைக்கு ஒரு சர்வதேச அளவீட்டு முறை இருக்கிறது. நாம் கடையில் வாங்கும் ஜாக்கெட்டின் சீட்டில் உள்ள எண், பெரும்பாலும் தயாரிப்பாளரே போட்டுக்கொண்ட கணக்கு. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் உண்டு. போகிற இடத்துக் குளிர் ஈரமா, உலர்வா? அங்கே நான் நடந்துகொண்டிருப்பேனா, சும்மா நிற்பேனா?

ஏன் இந்த இரண்டு? கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு குழாயைக் காட்டினால் போதும். 1985 அக்டோபரில் முதன்முதலாக இயங்கிய நம் வேகப் பெருக்கச் சோதனை உலையில் ஓடுவது திரவ சோடியம். 98 டிகிரிக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடும். அதனால் குழாயைச் சுற்றி ஹீட்டர், அதற்கு மேல் வெப்பக் காப்பு. காப்பு உறை ஒரு கலோரிகூடச் சூடு தராது. சூடு தருவது ஹீட்டர். உறை அதை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

நம் உடம்புதான் அந்த ஹீட்டர். ஜாக்கெட் வெறும் உறை. உறைக்குள் வேலை செய்வதும் பஞ்சோ இறகோ இல்லை. அவற்றின் இடுக்கில் அசையாமல் நிற்கும் காற்றுதான். அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. ஜாக்கெட் உப்பலாக இருப்பது இதற்காகத்தான். தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் ஈரம் புகுந்தால் கதை முடிந்தது. அந்த ஈரம் மழையிலிருந்தும் வரலாம், நம் வியர்வையிலிருந்தும் வரலாம்.

இதில் தமிழனுக்குப் பழைய உரிமை ஒன்று உண்டு. பறவையின் அடியிலுள்ள மென்மையான இறகுக்குத் தூவி என்று நம்மிடம் அழகான சொல் இருக்கிறது. நெடுநல்வாடையில் அரசியின் படுக்கையே அன்னத் தூவியால் ஆனது. அதே பாட்டின் தொடக்கத்தில், மழையில் நனைந்த கோவலர்கள் நெருப்பில் கை காய்ச்சியும் நடுங்குகிறார்கள். அரண்மனைக்குள் உலர்ந்த தூவி, வெளியே ஈரக் குளிர்! இன்றைய கடையில் எழும் கேள்வியும் இதேதான். (பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தார். நாம் வாத்திடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். வள்ளல் பரம்பரை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!)

தூவி ஜாக்கெட்டை மலைக்குக் கொண்டுபோன கதையும் சுவையானது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியல்காரர், பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கம்பளியும் ட்வீடும் அணிந்த சகாக்கள் முதலில் கேலி பேசினார்கள். குளிர் ஏற ஏறக் கேலி போய்ப் பொறாமை வந்தது. இதே ஃபின்ச்தான் 1952 முதல் 1957 வரை புனேயில் நம் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். இது பலருக்குத் தெரியாது.

சரி, கடைக்கு வருவோம். உள்ளே அடைப்பது இரண்டு வகை. ஒன்று தூவி. எடைக்கு எடை பார்த்தால் இதைப்போலச் சூடு காப்பது வேறில்லை. சுருட்டினால் ஒரு சொம்பு அளவுக்கு வந்துவிடும். ஆனால் நனைந்தால் ஈரக் கோழி மாதிரி ஒடுங்கிவிடும், காய நாளாகும். மற்றொன்று பாலியெஸ்டர் இழை. கொஞ்சம் கனம், கொஞ்சம் பருமன். நனைந்தாலும் ஓரளவு உப்பல் நிற்கும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. இப்போது நீர் ஒட்டாத பூச்சு கொடுத்த தூவியும் வருகிறது. தூறலுக்குச் சமாளிக்கும், மழைக்குப் போதாது.

தூவிச் சட்டையில் 600, 800 என்று ஒரு எண் போட்டிருப்பான். ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், எத்தனை கன அங்குலம் உப்பும் என்பதுதான் அது. 600 என்றால் ஏறக்குறைய 10 லிட்டர், 800 என்றால் 13 லிட்டர். பெரிய எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. எத்தனை கிராம் அடைத்திருக்கிறான் என்றும் கேளுங்கள். 800 ரகத்தில் 100 கிராம் போட்டால் சுமார் 46 லிட்டர் உப்பல். 600 ரகத்தில் 200 கிராம் போட்டால் 69 லிட்டர். விலை குறைந்த இரண்டாவது சட்டைதான் அதிகச் சூடு, கனம் மட்டும் கூடுதல். இந்தக் கணக்கைப் போட எஞ்சினியரிங் படிப்பு தேவையில்லை. ஆனால் படித்தவர்களும் போடுவதில்லை!

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏறக்குறைய 100 வாட் பல்பு. மூட்டையோடு மேடு ஏறும்போது அவனே 500 வாட் ஹீட்டர். ஒரே ஆள், ஒரே குளிர், ஐந்து மடங்கு வித்தியாசம். உட்கார்ந்திருக்கச் சரியான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால் உள்ளே வியர்த்துக் கொட்டும். கணவாய் உச்சியில் நிற்பீர்கள், ஹீட்டர் 100 வாட்டுக்கு இறங்கும், காற்று அடிக்கும். நனைந்த பனியன் அப்போது உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சும். திருப்பூர்ப் பருத்திப் பனியன் நம் வெயிலுக்கு அமிர்தம், மலைக்கு எதிரி. ஜீன்ஸ் அதைவிட மோசம்.

2024 ஜூன் மாதம் உத்தராகண்டில் சஹஸ்த்ரதால் பாதையில், கர்நாடகத்திலிருந்து சென்ற 22 பேர் கொண்ட மலையேற்றக் குழு மோசமான வானிலையில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தார்கள். 13 பேர் மீட்கப்பட்டார்கள். நம்மைப் போலவே தெற்கிலிருந்து ஆசையோடு போனவர்கள். நல்ல ஜாக்கெட் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நான் காட்ட விரும்புவது மாதத்தை. ஜூன்! நமக்குக் கத்திரி முடிந்த சமயம். மேலே ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மைனஸ் 10இல் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 21 மாதிரி. மழை, பனி, காற்று மூன்றும் ஒரே மத்தியானத்தில் வரும் இடம் அது.

ஆகவே மலையேறப் போகும் தம்பி தங்கைகளுக்கு என் பரிந்துரை இது. உடம்போடு ஒட்டி வியர்வையைக் கடத்தும் பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி உள்சட்டை. அதன் மேல் ஒரு ஃப்லீஸ். நடக்கும்போது இவ்வளவே போதும், முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் குளிரட்டும், பரவாயில்லை. பஃபர் ஜாக்கெட் பைக்குள், தண்ணீர் புகாத உறைக்குள், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். நின்ற உடனே எடுத்துப் போடுங்கள். குளிர் எடுத்த பிறகு போடுவது தாமதம். எல்லாவற்றுக்கும் மேலே போட ஒரு நல்ல மழைச் சட்டை வேண்டும். அது பஃபரின் மேல் தாராளமாக ஏற வேண்டும், இறுக்கிப் பிடித்தால் உப்பல் போய்விடும். மழை வரக்கூடிய மலைக்கு ஒரே ஒரு ஜாக்கெட்தான் வாங்க முடியும் என்றால் பாலியெஸ்டர் இழையே வாங்குங்கள். கையில் காசில்லையா? பெரிய முகாம் ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். ஜிப்பையும் தையலையும் மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ராணுவத்துக்காக நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கடுங்குளிர் உடையும் மூன்று அடுக்குத்தான். 2021 டிசம்பரில் ஐந்து இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தொழில்நுட்பத்தைக் கொடுத்தார்கள். பிளஸ் 15 முதல் மைனஸ் 50 வரை என்று சொல்லும்போதே, அடுக்குகளின் சேர்க்கையையும் உடல் உழைப்பின் அளவையும் பொறுத்து என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். சீட்டில் ஒரே எண்ணைப் போடும் கடைக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இனி உலர் குளிர். லடாக்கின் ஹான்லேயில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4300 மீட்டர் உயரத்தில், நம் அணுசக்தித் துறையின் மேஸ் தொலைநோக்கி இருக்கிறது. 2024 அக்டோபரில் திறந்து வைத்தார்கள். 21 மீட்டர் விட்டம். வேலை நிலா இல்லாத இருட்டில். குளிர்கால இரவில் அங்கே மைனஸ் இருபதுக்கும் கீழே போகும், மழையோ மிகக் குறைவு. இரவில் கருவியருகே நிற்பவர் 100 வாட் பல்புதான். கனமான தூவி ஜாக்கெட் பிறந்ததே இப்படிப்பட்ட இடத்துக்காக. இங்கே தொப்பி சேர்த்துத் தைத்ததாக, இடுப்புக்குக் கீழே இறங்குவதாக வாங்குங்கள். தையல் அடிவரை ஊடுருவி ஓடியிருந்தால் அந்தக் கோட்டில் தூவியே இருக்காது, குளிர் அவ்வழியே புகும். நடுவில் சிறு சுவர் வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்தது மேல். இன்னொன்று, கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் போய் 3500 மீட்டர் லேயில் இறங்குபவர் முதல் இரண்டு நாள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். மூச்சுத் திணறலுக்கு எந்த ஜாக்கெட்டும் மருந்தில்லை.

ஊட்டிக்கு? டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி விழும் காலத்தில் மெல்லிய பஃபர் ஒன்று ஏராளம். ஜூன், ஜூலை மழையில் போனால் பஃபரே வேண்டாம், ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும். தேனிலவுக்குப் போகிறவர்கள் போட்டோவுக்காகப் போட்டுக்கொள்வது வேறு கணக்கு, அதில் நான் தலையிடவில்லை.

வெளிநாடு போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லண்டன் குளிர் பெரும்பாலும் சுழிக்கு மேலே, ஆனால் தூறல். அங்கே தண்ணீர் புகாத மேல்துணி முக்கியம், உள்ளே நடுத்தரப் பருமன் போதும். டொரண்டோவில் ஒரு நாள் பனி, மறுநாள் தெருவெல்லாம் பனிக்கூழ். முழங்கால்வரை வரும், நீர் தாங்கும் நீள ஜாக்கெட் வேண்டும். வின்னிபெக், எட்மண்டன் பக்கம்தான் அசல் உலர் குளிர், அங்கே கனத் தூவி. எதுவானாலும் சென்னையில் பெட்டி நிறைய வாங்கி அனுப்பாதீர்கள். இறங்கும் அன்றைக்கு ஒன்று போதும். மீதியை அந்த ஊரில், அந்த ஊர்க்காரர் வாங்கும் கடையில் வாங்கட்டும்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்வது? இங்கேதான் நம் கடற்கரை வில்லன். சுருட்டிய நிலையில் டிரங்குப் பெட்டியில் போட்டு ஒரு வருஷம் கழித்து எடுத்தால், உப்பல் செத்திருக்கும், பூஞ்சை வாசமும் வரும். ஹேங்கரில் தொங்கவிடுங்கள், அல்லது பெரிய துணிப்பையில் தளர்வாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தூவிச் சட்டையைத் துவைக்கவே கூடாது, காயாது. தை பிறந்த பிறகு மென்மையான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் பரப்பி, கட்டிகளை விரலால் உதிர்த்துக்கொண்டே காயவிடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். உலர்த்தும் மெஷின் இருந்தால் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு சுற்றவிடலாம். ஜிப்பைத் துடைத்து மெழுகு தடவுங்கள், உப்புக் காற்றில் உலோக ஜிப் பிடித்துக்கொள்ளும்.

யாத்திரை போகும் நண்பர்கள், ஊர் பெயரும் மாதமும் எழுதிக்கொண்டு சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் வாருங்கள். டோல்மா கணவாய் 5600 மீட்டருக்கும் மேலே, அதற்குத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். என்னிடமுள்ள மூன்று ஜாக்கெட்டுகளையும் பின்வரிசை மேஜையில் வைத்திருக்கிறேன். போட்டுப் பார்க்கலாம், ஆனால் இந்த வெயிலில் ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.